பின்னல் துணி ஏன் கோணுகிறது

திருப்பூரில் பனியன் கம்பெனியில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுத் தருமபுரிக்குத் திரும்பியபோது, பழகிய தொழிலை விட மனமில்லாமல், கையால் இழுத்து ஓட்டும் பின்னல் இயந்திரம் ஒன்றை வாங்கி வீட்டு முன்னறையில் போட்டேன். அதில் முதலில் பின்னியது, ஓசூர்க் குளிருக்காக அக்கா மகனுக்கு ஒரு பருத்தி ஸ்வெட்டர். ஒரு முறை துவைத்ததும் அதன் பக்கவாட்டுத் தையல் வயிற்றுப் பக்கம் திரும்பிவிட்டது. மேசை மட்டமாக இல்லையோ, ஊசி வளைந்துவிட்டதோ என்று இரண்டு நாள் தேடிய பிறகே கோனில் (நூல் சுற்றிய கூம்பில்) இருந்த நூலின் முறுக்கைக் கவனித்தேன்.

முறுக்கிய எதுவும் பிரியவே பார்க்கும். புதிதாகத் திரித்த கயிற்றைத் தளரவிட்டால் அது தன்மேல் தானே சுற்றிக்கொள்வதை நம் ஊரில் பார்க்காதவர் குறைவு. நெய்த துணியில் ஊடும் பாவும் ஒன்றையொன்று அழுத்திப் பிடித்திருப்பதால் நூல் அசைய இடம் குறைவு. பின்னல் துணியிலோ, வளைந்து தளர்வாக நிற்கும் ஒவ்வொரு கண்ணியையும், அதாவது நூல் வளையத்தையும், முறுக்கு சற்றே திருப்புகிறது. எல்லாக் கண்ணிகளும் ஒரே பக்கம் திரும்புவதால், நேராக நிற்க வேண்டிய நெடுக்கு வரிசை சாய்கிறது. இயந்திரத்தில் எடை கட்டி இழுத்திருக்கும்வரை இது கண்ணுக்குத் தெரிவதில்லை. தண்ணீரில் பருத்தி ஊறிப் பருத்து, இழுப்பும் விட்டுப்போன பிறகுதான் கோணல் வெளிப்படுகிறது. இஸ்திரி போட்டு நேராக்கினாலும் அடுத்த துவைப்பில் திரும்பி வந்துவிடும்.

ஒற்றை இழைப் பருத்தி நூல் பெரும்பாலும் 'இசட்' முறுக்காகவே வருகிறது; அதாவது நார்கள் Z எழுத்தின் நடுக்கோடு போலச் சாய்ந்திருக்கும். 'எஸ்' முறுக்கில் S எழுத்தின் நடுப்பகுதி போல எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும். இசட் நூலில் பின்னிய சிங்கிள் ஜெர்சி (பனியனில் வரும் ஒற்றைப் பின்னல் துணி), முன்பக்கத்திலிருந்து பார்க்க வலப்புறம் சாயும்; 'எஸ்' முறுக்கு என்றால் இடப்புறம். இசட் இழைகள் இரண்டை எஸ் திசையில் அளவாகத் திரித்த இரட்டை இழை நூலில், ஒரு முறுக்கின் வேகத்தை மற்றது அடக்கிவிடுவதால் துணி நேராக நிற்கிறது. பனியன் துணிக்கான நூலை நெசவு நூலைவிடக் குறைந்த முறுக்கில் நூற்பதற்கும், நீராவியில் வைத்து முறுக்கைப் படியவைப்பதற்கும் இதுவும் ஒரு காரணம்.

துணியைக் குழாய்போலப் பின்னும் திருப்பூரின் வட்ட இயந்திரத்தில் இன்னொரு காரணமும் சேரும். 72 இடங்களில் நூல் ஊட்டும் இயந்திரம் ஒரு சுற்றில் 72 குறுக்கு வரிசைகளைச் சுருளாகப் போடுகிறது. அங்குலத்துக்கு 40 வரிசை என்றால், ஒரு சுற்று முடிவதற்குள் குறுக்கு வரிசை 1.8 அங்குலம் ஏறிச் சாய்ந்துவிடும். என் தட்டை இயந்திரத்தில் அந்தச் சிக்கல் இல்லாததால், நூலைச் சரியாகத் தேர்ந்தால் பெரும்பாலும் போதும்.

இப்போது புதுக் கோன் வந்ததும் ஒரு மீட்டர் நூலை உருவி, இரு முனைகளையும் ஒன்றாகச் சேர்த்துத் தொங்கவிடுகிறேன். வளையம் விரிந்து அமைதியாகத் தொங்கினால் சிங்கிள் ஜெர்சி பின்னலாம். தன்மேல் தானே இறுகச் சுற்றிக்கொண்டால் அந்த நூலை ரிப்புக்கு (ஸ்வெட்டரின் மணிக்கட்டுப் பட்டியில் வரும் வரிவரியான பின்னலுக்கு) ஒதுக்கிவிடுகிறேன். ரிப்பில் முன்கண்ணியும் பின்கண்ணியும் அடுத்தடுத்து வருவதால் சாய்வு ஒன்றுக்கொன்று ஈடாகிவிடும். சிங்கிள் ஜெர்சியே வேண்டுமென்றால் கண்ணியைச் சிறிதாக்கி நெருக்கமாகப் பின்னுவேன். கோணல் முழுதும் போகாது, ஆனால் குறையும். அக்கா மகனின் இரண்டாவது ஸ்வெட்டரை அதே கோனின் மீதி நூலில்தான் ரிப்பாகப் பின்னினேன். நான்கு துவைப்புக்குப் பிறகும் தையல் விலாவோரமே நிற்கிறது.