பீப்பாயைத் தள்ளலாமா?

“தண்ணீர்ப் பீப்பாய்களைக் கடலில் தள்ளிவிடலாம். பாரம் குறைஞ்சா வேகமாப் போகலாம்.”

கப்பல் தலைவியாக ஆடுபவள் சொன்னதும் மேசை அமைதியானது. சமையல்காரனாக ஆடுபவர் மட்டும், பீப்பாய்களுக்காக வைத்திருந்த பாட்டில் மூடிகளைக் கையால் மூடிக்கொண்டார்.

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதைக்குள் ஆடும் ஆட்டம் இது. நான் கேம் மாஸ்டர், அதாவது கதையை நடத்துவது நான். வாயைத் திறக்கவில்லை.

எங்கள் கதையில் மந்திரம் ஒன்று முறிந்து, கடல் கண்ணாடியாக உறைந்துகொண்டே வருகிறது. அறுகோணக் கட்டம் போட்ட வரைபடத்தில், ஆட்டத்தில் ஒரு நாள் கழிந்தால் ஒரு வரிசையைப் பென்சிலால் கருப்பாக்குவேன். எல்லோர் கண்ணெதிரிலும்தான். ஒளித்துவைத்த ஆபத்தைவிட எண்ணிப் பார்க்க முடிகிற ஆபத்துக்கே பயம் அதிகம்.

ஒரு கட்டம் 60 கடல் மைல், அதாவது அட்சரேகையில் ஒரு பாகை. ஐந்து நாட் வேகத்தில், அதாவது மணிக்கு ஐந்து கடல் மைலில், 24 மணி நேரம் ஓடினால் 120 கடல் மைல், இரண்டு கட்டம். காற்று இருந்தால் முந்தலாம். விழுந்தால்? உறைவுக்குக் காற்றெல்லாம் தேவையில்லை.

நிலவறைச் சாகசத்தில் கதவைச் சாத்திவிட்டு ஓய்வெடுக்கலாம். கடலில் கதவு ஏது! ஓய்வுக்கும் ஒரு கட்டம் விலை. அதனால்தான் தனியாக வில்லன் வைக்கவில்லை. வில்லன் இருந்தால் அவனைத் திட்டுவார்கள். இங்கே தாகமா வேகமா என்று தங்களுக்குள்ளேயே மோதிக்கொள்கிறார்கள், அரக்கர் சண்டையைவிட மும்முரமாக.

கடைசியில் பாதிப் பீப்பாய்கள் போயின. சமையல்காரர் இன்னும் கோபத்தில் இருக்கிறார்.

அடுத்த முறை காற்றுக்கான பகடையை அவரையே உருட்டச் சொல்லலாம் என்றிருக்கிறேன்.