பணி ஓய்வுக்குப் பின் கிடைத்த அழைப்பு

பணி ஓய்வு பெற்றபின், இனி எதற்காக நான் காலையில் எழுந்திருக்க வேண்டும் என்ற கேள்வி என்னை அரிக்கத் தொடங்கியது. பிள்ளைகள் தலையெடுத்துவிட்டார்கள், வீட்டுக் கடனும் தீர்ந்துவிட்டது. எல்லாம் மாயை என்று வேதாகமத்தின் பிரசங்கி புத்தகம் புலம்புவது எனக்காகவே எழுதப்பட்டதுபோல் இருந்தது.

கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில் ஞாயிறு தமிழ் ஆராதனைக்குச் சிறுவயது முதலே போய்வருகிறேன். ஆனாலும் வேதாகமத்தில் எபேசியர் 2:10, நாம் தேவனுடைய கைவேலை என்றும், நாம் செய்யவேண்டிய நற்கிரியைகளை அவர் முன்னதாகவே ஆயத்தம் செய்திருக்கிறார் என்றும் கூறுவதை அண்மையில்தான் ஊன்றிப் படித்தேன். அதற்கு முந்திய இரண்டு வசனங்கள், இரட்சிப்பு கிருபையால் வருவது, கிரியைகளால் அல்ல என்று தெளிவாகச் சொல்கின்றன. இந்த வரிசை மிக முக்கியம் என்று நினைக்கிறேன், ஏனெனில் நம் மதிப்பை உழைத்துச் சம்பாதிக்க வேண்டிய சுமையை அது இறக்கிவைக்கிறது.

ஜெர்மானியத் திருச்சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் 1522-இல் திருமணத்தைப் பற்றி எழுதியபோது, குழந்தையின் அழுக்குத் துணியை விசுவாசத்தோடு அலசும் தகப்பனைப் பார்த்துக் கடவுளும் தூதர்களும் மகிழ்கிறார்கள் என்றார்.

படுக்கையிலிருக்கும் என் அம்மாவுக்கு வெந்நீரில் துண்டை நனைத்துப் பிழிந்து, மடங்கிப்போன விரல்களை ஒவ்வொன்றாக விரித்துத் துடைக்கிறேன். பிறகு கஞ்சியை ஆற்றிக் கரண்டியால் ஊட்டுகிறேன். முன்பு கடமையாக மட்டுமே செய்த இந்த வேலையை, இப்போது கர்த்தர் எனக்கென்று ஒதுக்கிவைத்த ஊழியமாகவே ஏற்று, மனநிறைவோடு செய்கிறேன்.