சிரித்த முகத்துக்கு என்ன லேபிள்?

தமிழ் எம்.ஏ. படித்துவிட்டு நான் பார்த்த வேலைகளிலேயே விசித்திரமானது, வாக்கியங்களுக்கு உணர்ச்சி ஒட்டும் வேலை. கணினிக்குத் தமிழ் பழக்குவதற்காம். எக்செல் தாளில் வரிசையாக வாக்கியங்கள் வரும். பக்கத்துக் கட்டத்தில் மகிழ்ச்சி, துயரம், கோபம், அச்சம், எதுவுமில்லை என்பதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரே வாக்கியத்தை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்ப்பார்கள். ஒத்துவராவிட்டால் என்னிடம் வரும்.

ஒரு நாள் சிலப்பதிகாரம் வந்தது. யாரோ ஒரு புண்ணியவான் அதை அடி அடியாக நறுக்கி அனுப்பியிருந்தார். 'நலங்கேழ் முறுவல் நகைமுகம் காட்டி' என்ற அடிக்குத் தம்பி ஒருவன் 'மகிழ்ச்சி' போட்டிருந்தான். இன்னொரு பெண் 'துயரம்' போட்டிருந்தாள்.

"அக்கா, முறுவல்னு இருக்கு, நகைமுகம்னும் இருக்கு. இதுக்கு மேல எப்படிச் சிரிக்கிறது?" என்றான் அவன். துண்டாகப் பார்த்தால் சரிதான்.

ஆனால் இது கனாத்திறம் உரைத்த காதை. சற்று முன்புதான் கண்ணகி, தான் கண்ட கெட்ட கனவைத் தோழி தேவந்தியிடம் சொல்லியிருக்கிறாள். இரண்டு குளங்களில் மூழ்கிக் காமவேளைத் தொழுதால் கணவன் வந்து சேர்வான் என்று தேவந்தி சொல்ல, 'பீடன்று', அது பெருமையில்லை என்று கண்ணகி மறுத்துவிட்டு இருக்கிறாள். அந்நேரம் பார்த்துக் கோவலன் வந்து நிற்கிறான். குலம் தந்த செல்வக் குன்றம் தொலைந்தது, இந்த வறுமை நாணம் தருகிறது என்கிறான். அதற்குப் பதில்தான் அந்தச் சிரிப்பு. கூடவே, சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறாள். மாதவிக்குக் கொடுக்கப் பொருள் தீர்ந்துபோனது என்று நினைத்தே அப்படிச் சொன்னாள் என்று பொருள் கொள்பவர்களும் உண்டு.

அந்தப் பெண்ணிடம் காரணம் கேட்டேன். "எங்கம்மா இப்படித்தான் சிரிப்பாங்க" என்றாள். (எங்கள் வழிகாட்டிக் குறிப்பில் அம்மாக்களைப் பற்றி ஒன்றும் இல்லை.)

ஏழு காதை தள்ளி, கொலைக்களக் காதையில் கண்ணகியே தன் சிரிப்பைப் பற்றிப் பேசுகிறாள். மதுரையில், ஆயர் தந்த மனையில் சமைத்துப் போட்டு, வெற்றிலை பாக்கும் கொடுத்தாயிற்று. 'எழுகென எழுந்தாய்', கிளம்பு என்றதும் கிளம்பி வந்துவிட்டாயே என்று கோவலன் உருகுகிறான். அப்போது சொல்கிறாள்: உங்கள் தாயும் தந்தையும் என்னை அன்பாகப் பாராட்டுவார்கள், உள்ளே நான் ஒளித்த நோயையும் துன்பத்தையும் என் 'வாயல் முறுவல்' காட்டிக்கொடுத்துவிடும், அவர்கள் மனம் வருந்தும். வாய் என்றால் இங்கே வாய்மை. வாயல் முறுவல், பொய்ச் சிரிப்பு.

அதை வைத்து முந்தைய சிரிப்பையும் பொய் என்று முடிவுகட்ட எனக்கு மனம் வரவில்லை. ஒன்று கதை சொல்பவர் கண்ட சிரிப்பு, 'நலங்கேழ்', நலம் பொருந்தியது என்கிறார். மற்றது சிரித்தவளே சொன்னது. வீட்டை விட்டுப் போனவன் திரும்பி வந்து நிற்கிறான். அதில் ஒரு சந்தோஷம் நிஜமாகவே இருந்திருக்கும், கனவின் பயத்தோடு சேர்ந்தே.

'மகிழ்ச்சி' என்று போட்டேன். குறிப்புக் கட்டத்தில் இவ்வளவையும் எழுதினேன். மறுநாள் மேலிருந்து பதில்: 'குறிப்புகள் ஒரு வரிக்குள் இருக்கட்டும்.'

மத்தியானம் சாப்பிடும்போது அந்தப் பெண் கேட்டாள்: "மாமனார் மாமியாருக்குத் தெரிஞ்சது, அந்த ஆளுக்கு ஏன்க்கா தெரியல?"

தம்பி தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னான்: "அவன் வீட்ல எங்க இருந்தான்?"