பார்ப்பாரும் பார்த்தாரும்

“அண்ணன் எப்பவும் மேல ஏறி வந்து பார்ப்பாரு சார்.”

தம்பி, எங்கள் சைட்டில் வேலை செய்பவன், சொன்னது இவ்வளவுதான். அண்ணன் என்றது என்னை. விசாரணை நடந்த அந்த கன்டெய்னர் அறையில் தமிழ் தெரிந்தவர்கள் நானும் அவனும் மட்டும். பிஎம், அதாவது புராஜெக்ட் மேனேஜர், என் பக்கம் திரும்பினார். “எஸ் சார், ஹி சேஸ் ஐ கேம் அப் அண்ட் செக்ட்” என்றேன். அவர் எழுதிக்கொண்டார். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

பார்ப்பாரு என்றால் வழக்கம். பார்த்தாரு என்றால் அன்றைக்கு. ‘ப்பா’ இருந்த இடத்தில் நான் ‘த்தா’ போட்டேன். மூன்று வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. இன்னமும் காலையில் ஹெல்மெட்டை எடுக்கும்போது அந்த எழுத்து மாற்றம் நினைவுக்கு வருகிறது.

அன்று நான் கட்டடச் சாரத்தின் மேலே ஏறவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் இதை எழுதுவதில் அர்த்தமில்லை.

2022 அக்டோபர், சிங்கப்பூர். செப்டம்பர் முதல் தேதியிலிருந்து மனிதவள அமைச்சு உயர்த்தப்பட்ட பாதுகாப்புக் காலத்தை அறிவித்திருந்தது. அந்த வருடம் வேலையிடங்களில் 46 பேர் இறந்தார்கள். பெரிய தவறு நடந்தால் புது வெளிநாட்டு ஆள் எடுக்க மூன்று மாதம் வரை தடை வரும், கம்பெனியின் தலைமை நிர்வாகியே நேரில் போய் விளக்கம் சொல்ல வேண்டும் என்ற நிலை. எல்லா சைட்டிலும் எல்லோருக்கும் வயிற்றைக் கலக்கிக்கொண்டிருந்த நேரம். அந்த நேரத்தில்தான் ஒருநாள் விடிகாலையில் சுமத்ரா காற்று அடித்து ஊற்றியது. ஏழரைக்கு மழை விட்டது. வேலை தாமதமாகிவிட்டதென்று ஆளாளுக்குப் பறந்தார்கள். என் மேசையில் பதினான்கு பெர்மிட்.

தொழிலில் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மூன்று மீட்டருக்கு மேல் விழ வாய்ப்புள்ள வேலை என்றால் பெர்மிட் வேண்டும். சூப்பர்வைசர் கேட்பார், அசெசர் அவரோடு போய் இடத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார், அதற்குப் பிறகுதான் மேனேஜர் கொடுப்பார். அசெசர் நான். என் கையெழுத்துக்கு ஒரே ஓர் அர்த்தம்தான் உண்டு: போய்ப் பார்த்தேன். பதினான்கில் பதினொன்றுக்குப் போனேன். பின்பக்கச் சாரத்துக்குப் போனபோது அடியில் நின்று அண்ணாந்து பார்த்தேன். ஏறலாம் என்று சொல்லும் பச்சை அட்டை தொங்கியது. அதில் நான்கு நாளுக்கு முந்தைய தேதி. ஏழு நாளுக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்பது விதி, ஆனால் பெரிய மழை காற்று அடித்தால் மறுபடி பார்த்தாக வேண்டும் என்பதும் அதே விதிதான். சாரத்துச் சூப்பர்வைசர், வங்காளதேசத்துக்காரர், எல்லோரும் பாய் என்றே கூப்பிடுவோம், பக்கத்தில்தான் நின்றிருந்தார். ஏதோ சொன்னார். மேலே கை காட்டினார். நான் “ஓகே பாய், ஓகே” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

என்ன சொன்னார் என்று எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். கை காட்டியது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. வார்த்தை வரவில்லை.

பத்து மணிக்குத் தம்பி மூன்றாவது தட்டில் கால் வைத்த பலகை கவிழ்ந்தது. ஒரு முனையில் இரண்டு கொக்கியும் குழாயில் உட்காரவில்லை. காற்றில் தூக்கியதா, முன்பே சரியாக மாட்டவில்லையா, இன்றுவரை யாருக்கும் தெரியாது. நான் போய்ப் பார்த்தபோது பலகை சரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதன் ஈரத்தில் அவனுடைய பூட்ஸ் தடம், பாதி மட்டும், சேற்றோடு. இரண்டாவது தட்டில் விழுந்ததால் உயிருக்கு ஒன்றுமில்லை. வலது மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் போட்டு எம்சி, அதாவது மருத்துவ விடுப்பு, கொடுத்தார்கள். 2020 செப்டம்பரிலிருந்து வேலையில் அடிபட்டு ஒரு நாள் எம்சி கொடுத்தாலும் அமைச்சிடம் தெரிவித்தாக வேண்டும், அதனால் மறைப்பது என்ற பேச்சே எழவில்லை. எங்கள் கம்பெனி அதில் நேர்மையாகத்தான் நடந்துகொண்டது. உள்விசாரணை என்று ஒன்று வைத்தார்கள்.

அதற்கு முந்தைய இரவு டார்முக்கு, தொழிலாளர் விடுதிக்கு, போனேன். தம்பி மன்னார்குடிப் பக்கம். இங்கே வந்து ஒன்பது வருடம். இடக்கையால் ஸ்பூன் பிடித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சோறு வாய்க்குப் போவதற்குள் பாதி சிந்தியது. பக்கத்துக் கட்டில் பையன் ஊட்டிவிடுகிறேன் என்றதற்கு வேண்டாம் என்று தலையாட்டினான். நான் உட்கார்ந்து, “நாளைக்கு நடந்ததை நடந்தபடி சொல்லு தம்பி. யாருக்காகவும் மாத்திச் சொல்லாத” என்றேன்.

“உங்களப் பத்திக் கேட்டா?”

“என்னையும் சேத்துத்தான்.”

அதைச் சொல்லும்போது நான் முழு மனதோடுதான் சொன்னேன். அதில் எனக்கு இப்போதும் சந்தேகமில்லை. டாக்ஸியில் வீட்டுக்குப் போகும்போது மனம் லேசாகக்கூட இருந்தது. நாளைக்கு உண்மை வரும், எனக்கு ஒரு கடிதம் கொடுப்பார்கள், வாங்கிக்கொள்வோம் என்று நினைத்தேன்.

என்னையே மொழிபெயர்க்க உட்கார வைத்தது தப்பு. கையெழுத்துப் போட்டவனே சாட்சியின் வாயாகவும் இருக்கக் கூடாது. அன்று காலை பிஎம்முக்கு அது தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. “வேறு யாரையாவது கூப்பிடுங்கள் சார்” என்று சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

பாயைத்தான் முதலில் கேட்டார்கள். அவருக்கு மொழிபெயர்க்க யாருமில்லை, அவர் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்திலேயே சொன்னார். “மார்னிங் மீ டாக் சேஃப்டி. அப்சைட் நாட் யெட் செக். சேஃப்டி நோ கோ அப், பாஸ்.” சேஃப்டி என்று அவர் சொன்னது என்னை. பிஎம் என்னைப் பார்த்தார். நான் வாய் திறப்பதற்குள், “லெட் மீ ஆஸ்க் த இஞ்சூர்டு மேன்” என்று தம்பி பக்கம் திரும்பிவிட்டார். சேஃப்டி அன்று மேலே வந்து பார்த்தாரா என்று கேட்கச் சொன்னார். நான் தமிழில் கேட்டேன். சரியாகத்தான் கேட்டேன், “அன்னைக்கு” என்ற வார்த்தையை விடவில்லை.

தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. தன் கட்டைப் பார்த்தான். அப்புறம்தான் “எப்பவும் பார்ப்பாரு” என்றான்.

அவன் பொய் சொல்லவில்லை. நான் எப்பவும் ஏறிப் பார்ப்பவன்தான். முந்தைய ஒன்றரை வருடத்தில் அவன் வேலை பார்த்த எந்தச் சாரத்திலும் நான் ஏறாமல் கையெழுத்துப் போட்டதில்லை. அதை அவன் அறிவான். நடந்ததை மாற்றாமலும் என்னைக் காட்டிக் கொடுக்காமலும் ஒரு வார்த்தையைத் தேடி எடுத்தான். மிச்சத்தை என்னிடம் விட்டுவிட்டான். கேள்விக்கு அது பதிலே இல்லை என்று சொல்லி நான் மறுபடி கேட்டிருக்கலாம். “ஹி சேஸ் ஐ ஆல்வேஸ் செக்” என்று அப்படியே சொல்லியிருந்தால்கூட, பிஎம் கெட்டிக்காரர், “பட் தட் டே?” என்று கேட்டிருப்பார்.

நான் சொன்னதைக் கேட்டதும் தம்பி நிமிர்ந்து பார்த்தான். ஒன்பது வருடம் இங்கே இருந்தவனுக்குச் ‘செக்ட்’ புரியாதா? பாயும் என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். அதன் பட்டையைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

மொழிபெயர்ப்பில் இதெல்லாம் சகஜம் என்று எனக்கு நானே பலநாள் சொல்லிக்கொண்டேன். வேகத்தில் காலம் மாறிப்போகும், சைட்டில் பேசும் ஆங்கிலத்தில் யாரும் இறந்தகாலம் நிகழ்காலம் பார்த்துப் பேசுவதில்லை. அது உண்மைதான். ஆனால் அன்று நான் பேசியது சைட் ஆங்கிலம் இல்லை. பள்ளிக்கூட ஆங்கிலம், ஒரு பிழையும் இல்லாதது. பாயின் உடைந்த உண்மைக்கு எதிரில் என்னுடைய வழுவழுப்பான வாக்கியம் நின்றது. எது எடுபடும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

இன்னொன்றும் சொல்லிக்கொள்வேன். பலகை அவருடைய பொறுப்பு. காற்றடித்த பிறகு மேல் தட்டுகளைப் பார்க்காமல் பச்சை அட்டையை அவர் தொங்கவிட்டிருக்கக் கூடாது. அட்டையைக் கழற்றியிருந்தால் யாரும் ஏறியிருக்க மாட்டார்கள். இதுவும் உண்மை. அதனால்தான் இதிலிருந்து என்னால் வெளியே வர முடியவில்லை என்று நினைக்கிறேன். அவர்மேல் தவறே இல்லையென்றால் நான் அன்றைக்கே ஓடிப்போய்ச் சொல்லியிருப்பேன். அவரிடமும் கொஞ்சம் தவறு இருந்ததால் என்னுடையதை அதற்குள் வைத்துக்கொள்ள இடம் கிடைத்தது.

வேலை தொடங்கும் முன் நடக்கும் டூல்பாக்ஸ் மீட்டிங்கில் நான் வருடா வருடம் ஏப்ரல் 20 அன்று நிக்கல் நெடுஞ்சாலையைப் பற்றிப் பேசுவது வழக்கம். 2004இல் வட்ட ரயில் பாதை வேலையின்போது தோண்டிய குழியின் தாங்குசட்டங்கள் முறிந்து சாலையே உள்ளே போனது. நான்கு பேர் இறந்தார்கள். அதில் ஒரு மேற்பார்வையாளர் தன் ஆட்களை முதலில் மேலே அனுப்பினார், அவர் வரவில்லை. உடல்கூடக் கிடைக்கவில்லை. “ஆளுக்கு முன்னால் தான் ஏறாதவன்தான் தலைவன்” என்று அந்தக் கதையை முடிப்பேன். கேட்பவர்கள் அமைதியாகிவிடுவார்கள். 2023 ஏப்ரலில் என்னால் அதைச் சொல்ல முடியவில்லை. மழை நேரத்து மின்னல் எச்சரிக்கை பற்றிப் பேசி முடித்துவிட்டேன். அதற்குப் பிறகும் சொல்லவில்லை. அவரைப் பற்றி வேறு யாராவது சொல்லட்டும்.

பதினோராம் நாள் பிஎம்மிடம் போனேன். ஏன் பதினொன்று என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அன்றுதான் பாயைச் சாரத்துக் கம்பெனி வேறு சைட்டுக்கு மாற்றியது, சூப்பர்வைசர் வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள், அலவன்ஸும் போயிற்று என்று கேள்விப்பட்டேன். முன்பே போவதாகத்தான் இருந்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. அது எனக்கே நிச்சயமில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். பிஎம் கோபப்படவில்லை. சட்டம் தம்பி பக்கமும் பாய் பக்கமும் என்ன சொல்கிறது, என் பக்கம் என்ன சொல்கிறது என்று பொறுமையாக விளக்கினார். அறிக்கையில் ஒரு வரி சேர்த்தார்: அசெசரின் ஆய்வு முழுமையாக இல்லை. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. பாயைப் பற்றிய வரி அப்படியே இருந்தது. மூலக் காரணம் பலகைதானே, அதில் மாற்ற என்ன இருக்கிறது என்றார். கதவு வரை வந்து தோளில் தட்டி, “நாட் மெனி பீப்பிள் வில் கம் அண்ட் டெல் மீ” என்றார்.

அந்தப் பாராட்டை நான் மறுக்கவில்லை. தேங்க்யூ சார் என்றுதான் சொன்னேன்.

தம்பியிடம் அதைச் சொன்னபோது, “எதுக்குண்ணே போய்ச் சொன்னீங்க, நான்தான் சரியாச் சொல்லியிருந்தேனே” என்றான். அவன் குரலில் கொஞ்சம் வருத்தம் இருந்தது. அவன் எனக்காகக் கவனமாகக் கட்டியதை நான் இரண்டு முறை கலைத்துவிட்டேன், முதலில் மாற்றி, பிறகு திருத்தி. கட்டுப் பிரித்து வேலைக்கு வந்துவிட்டான். அடுத்த வருடம் அவனுடைய வேலை பெர்மிட்டைப் புதுப்பிக்கும்போது நானே மேனேஜரிடம் போய் நின்றேன். புதுப்பித்தார்கள். அதில் என் பங்கு எவ்வளவு என்று தெரியாது. அதை வைத்து எதையும் கழித்துக்கொள்ள நான் விரும்பவில்லை.

பாயிடம் ஒருமுறை போனில் பேசினேன். “சாரி பாய், தட் டே மை மிஸ்டேக்” என்றேன். “ஓகே ஓகே, நோ ப்ராப்ளம், லாங் டைம் ஆல்ரெடி” என்றார். எந்த நாள், எந்தத் தவறு என்று அவருக்குப் புரிந்ததா என்றே தெரியவில்லை. எங்கள் இருவருக்கும் இடையில் இருக்கும் ஆங்கிலத்தில் அதைச் சொல்ல முடியாது. ‘நான் ஏறவில்லை, நீங்கள் சொன்னது உண்மை, அது பொய் என்று அவர்களை நம்ப வைத்தது நான்தான்’ என்பதற்கு ‘மை மிஸ்டேக்’ போதாது.

அதனால் எங்கள் சைட்டில் இப்போது வேலை செய்யும் ஒரு வங்காளதேசத்துப் பையனைக் கேட்டிருக்கிறேன். ஆங்கிலம் நன்றாகப் பேசுவான், கொஞ்சம் தமிழும் கற்றுக்கொண்டிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பாய் லெம்பு ரோட்டுத் திடலுக்கு வருவாராம். கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான்.

நேற்று கேன்டீனில் அவனிடம் நான் சொல்லப்போவதை ஒருமுறை சொல்லிக் காட்டினேன். அவன் கேட்டுவிட்டு, “ஏறலன்னா அன்னைக்கு மட்டுமாண்ணே, எப்பவுமேவா?” என்றான்.

அன்னைக்கு மட்டும் என்றேன். மறந்துவிடாமல் அதையும் சேர்த்துச் சொல் என்றேன்.