எஸ்டீம் பந்தய வண்டிக்குத் தீயணைப்பு அமைப்பைத் தேர்ந்தெடுத்த அனுபவம்

கப்பலூர் பட்டறையில் பந்தயத்துக்காக மாற்றி வரும் என் பழைய மாருதி எஸ்டீமில் ரோல் கேஜ், அதாவது வண்டி உருண்டால் ஓட்டுநரைக் காக்கும் கம்பிக் கூண்டின் பற்றவைப்பு சென்ற மாதம் முடிந்தது. அடுத்த வேலை, வண்டிக்குள் குழாய் பதித்துப் பொருத்தும் தீயணைப்பு அமைப்பு. இருக்கைக்கு அருகில் கையில் எடுத்து அடிக்கும் சிலிண்டர் ஒன்றே போதும் என்று முதலில் நினைத்திருந்தேன். 2020 நவம்பரில் பஹ்ரைனில் ஃபார்முலா 1 ஓட்டுநர் ரொமெய்ன் க்ரோஷான் எரியும் காரிலிருந்து வெளியே வர 28 விநாடிகள் ஆனது நினைவுக்கு வந்ததும், பெல்ட்டை மாட்டிக்கொண்டு நானே இறங்கிப் பார்த்தேன். பெல்ட்டை அவிழ்த்து, கதவுப் பக்கத்துக் கம்பிகளைத் தாண்டித் தரையில் கால் வைக்க 21 விநாடிகள் ஆயின. அத்தனை நேரம் இரு கைகளுக்கும் வேறு வேலை இருக்கிறது. சிலிண்டரை எடுக்கக் கை ஏது?

எதைப் பீய்ச்சுவது என்பதில்தான் அதிக நாட்கள் சென்றன. உலர்பொடி தீயை அணைக்கும். ஆனால் மூடிய வண்டிக்குள் கண்ணையும் மூச்சையும் அடைத்துவிடும். கார்பன் டை ஆக்சைடு ஓட்டுநருக்கான உயிர்க்காற்றையே விலக்கிவிடும் என்பதால் அதை உடனே ஒதுக்கினேன். பழைய வண்டிகளில் இருந்த ஹேலான், ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி உற்பத்தி நிறுத்தப்பட்டது. மீதமிருந்தவை நோவெக் 1230 வகைத் திரவமும் ஏஎஃப்எஃப்எஃப் என்னும் நுரையும். நோவெக் கறை விடாது, வெப்பத்தை விரைவாக உறிஞ்சும். ஆனால் ஆவியாகிக் கலைந்தபின், பழுத்துச் சிவந்த புகைபோக்கிக் குழாயின் மேல் பெட்ரோல் மீண்டும் சொட்டினால் தீ திரும்பவும் பற்றலாம். நுரையோ பெட்ரோலின் மேல் மெல்லிய படலமாகப் படர்ந்து ஆவி எழாமல் மூடுவதோடு, நீர் சேர்ந்ததாகையால் சூட்டையும் தணிக்கும். என் வண்டியில் பெட்ரோல் குழாய் புகைபோக்கிக்கு ஒரு சாண் தூரத்தில் செல்கிறது. ஆகவே நுரையே என்று முடிவு செய்தேன். அதைக் கழுவும் நீரை வாய்க்காலில் விடாமல் பிடித்து வைக்க வேண்டும் என்பதையும் கணக்கில் கொண்டேன்.

கையால் இழுக்கும் கேபிளா, மின் பொத்தானா என்னும் இயக்கும் முறையில் மட்டும் என் முதல் முடிவு தவறியது. "கேபிள்னா கரன்ட் போனாலும் இழுக்கலாம்ணே" என்றார் பற்றவைக்கும் தம்பி. நானும் அப்படியே நம்பி, இரு இருக்கைகளுக்கும் நடுவே ஒரு மாதிரிப் பிடியைக் கட்டினேன். தோள் பெல்ட்டை இறுக்கி, கையுறை மாட்டி, புகையில் இருப்பதாக எண்ணிக் கண்ணை மூடியபோது விரல்நுனி மட்டுமே பிடியைத் தொட்டது. இழுக்க வலு கிட்டவில்லை. டாஷ்போர்டுக்கு மாற்றியபோது கேபிள் கூண்டுக் கம்பியைச் சுற்றிக் கூர்மையாக வளைந்து, உறையோடு உரசித் திக்கியது. கப்பலூர்ப் புழுதியில் ஓராண்டு நின்றால் அது அசையவே அசையாது.

அதனால் மின்விசை அமைப்பையே வாங்கினேன். அதன் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குத் தனி பேட்டரி உண்டு. வண்டியின் மின்சாரத்தை கட்-ஆஃப் சுவிட்ச் துண்டித்தாலும் வேலை செய்யும், கம்பி அறுந்திருந்தால் சோதனை விளக்கு காட்டிக்கொடுக்கும். ஆனால் ஓடுதளத்தில் இறங்குமுன் அதை விழிப்பு நிலைக்கு மாற்ற மறந்தால் பொத்தானை அழுத்தியும் பயனில்லை. அதனால் அந்தச் சுவிட்சை எஞ்சின் ஸ்டார்ட் பொத்தானுக்கு ஒட்டினாற்போல் வைத்தேன். இரண்டாவது பொத்தான் வெளியே, கண்ணாடித் தூணின் அடியில், வெள்ளை வட்டத்துக்குள் சிவப்பு ஆங்கில 'E' எழுத்தின் கீழ் இருக்கிறது.

சிலிண்டரை இரண்டு உலோகப் பட்டைகளால் கூண்டின் அடிக்கம்பியோடு இறுக்கியாயிற்று. எஞ்சின் அறைக்கு நுரை பீய்ச்சும் இரண்டு நாசில்கள், உள்ளே என் கால்களை நோக்கி ஒன்றும் மடியை நோக்கி ஒன்றும். முகத்தை நோக்கி எதுவும் இல்லை. ஈராண்டுக்கு ஒருமுறை உற்பத்தியாளரின் முகவரிடம் சிலிண்டரைச் சோதிக்க அனுப்ப வேண்டும். அழுத்தச் சிலிண்டரை இரண்டு கூரியர் அலுவலகங்கள் ஏற்க மறுத்ததால், அதை நானே சென்னைக்கு எடுத்துச் செல்வதாக இருக்கிறேன். வரும் ஞாயிறன்று நாசில் குழாய்களில் காற்றழுத்தம் கொடுத்துக் கசிவு பார்க்க வேண்டும்.