வெளிச்சாப்பாடு கொண்டுவரக் கூடாது

போன மாதம் முதலாளி ஒரு பலகை செய்து கொண்டுவந்தார். நீல நிறத்தில் வெள்ளை எழுத்து. ‘வெளிச்சாப்பாடு கொண்டுவரக் கூடாது’ என்று தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் எழுதியிருந்தது. கவுண்டருக்குப் பக்கத்தில் சுவரோடு சாத்திவைத்துவிட்டு, “நாளைக்கு வாசல்ல அடிச்சிருங்க தம்பி” என்று சொல்லிப் போனார். நான் அடிக்கவில்லை. அதற்கு அடுத்த நாளும் அடிக்கவில்லை.

எங்கள் கடை மட்டக்களப்பில் கல்லடிக் கடற்கரைப் பக்கம், பிள்ளைகள் விளையாடும் இடத்தை ஒட்டி இருக்கிறது. ஊஞ்சல், சறுக்கு, சுற்றுகிற குதிரை, காற்றடித்து நிமிர்த்துகிற குதிக்கும் மெத்தை, இவ்வளவுதான். பதினான்கு மேசை. கொத்து, ஃப்ரைட் ரைஸ், ரோல்ஸ், சிப்ஸ், ஐஸ்கிறீம், பிளேன்டீ. சனி ஞாயிறும் பள்ளிக்கூட விடுமுறையும்தான் எங்களுக்கு வியாபாரம். இங்கே வருமுன் ஆறு வருடம் வளைகுடாவில் ஒரு பெரிய தீம் பார்க்கின் உள்ளே இருந்த ரெஸ்டூரன்டில் வேலை செய்தேன். மேசை துடைக்கப் போனவன் சூப்பர்வைசராகித் திரும்பி வந்தேன். விளையாட வந்த இடத்தில் மனிதர் எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்பதைத்தான் இத்தனை வருடமும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த ரெஸ்டூரன்டின் கூரையை அந்தி வானம்போலத் தீட்டியிருந்தார்கள். வெளியே கண் திறக்க ஏலாத நண்பகல் வெயில். உள்ளே எப்போதும் மாலை ஆறரை மணி. அமெரிக்காவில் டிஸ்னிலாண்டில் 1967இல் திறந்த ‘புளூ பேயு’ ரெஸ்டூரன்ட் இந்த வகையில் பேர்பெற்றது என்று எங்கள் பயிற்சி வகுப்பில் படம் போட்டுக் காட்டினார்கள். கடற்கொள்ளையர் சவாரிக் கட்டடத்துக்குள்ளேயே அது இருக்கிறது. சாப்பிடுகிறவர்களுக்குப் பக்கத்தால் படகுகள் போகும். எந்த நேரம் போனாலும் அங்கே இரவுதான். எங்கள் முதலாளிமாரும் அப்படி ஒரு மாயத்துக்குத்தான் காசைக் கொட்டியிருந்தார்கள்.

ஆனால் உள்ளே வந்தவர்களில் முதலில் கூரையைப் பார்த்தவர்களை நான் காணவில்லை. எல்லோருடைய கண்ணும் கதிரையைத்தான் தேடும். தாய் ஓடிப்போய்ப் பையை ஒரு கதிரையில், தொப்பியை ஒரு கதிரையில், பிள்ளையை ஒரு கதிரையில் வைத்து மேசையைப் பிடிப்பாள். தகப்பன் வரிசையில் நிற்பார். பாட்டனார் இருந்த கையோடு மேசைக்குக் கீழே சப்பாத்தைக் கழற்றிவிட்டு, ஒரு காலின் பெருவிரலால் மற்றக் காலைத் தேய்த்துக்கொண்டு இருப்பார். அரபுக்காரர், பிலிப்பினோ, மலையாளி, நம்மவர், யாராக இருந்தாலும் அந்தக் கால் தேய்ப்பு ஒன்றேதான். காலையில் இருந்து அந்தக் குடும்பம் ஒருவர் முதுகை ஒருவர் பார்த்தபடி வரிசையில் நின்றிருக்கும். முகம் பார்த்து இருப்பது இந்த மேசையில்தான். பிள்ளை எதற்குப் பயந்தது, எதில் திரும்பவும் ஏற வேண்டும், யாருக்கு வாந்தி வந்தது என்ற கதையெல்லாம் இங்கேதான் நடக்கும். பிள்ளைகள் பாதி சாப்பிட்டு எழும்பிவிடுவார்கள். ஆறிப்போன சிப்ஸைப் பெரியவர்கள் பேசாமல் சாப்பிட்டு முடிப்பார்கள்.

விலையைப் பற்றி ஊரில் எல்லோரும் என்னிடம் கேட்பார்கள். வெளியே விற்கிற பேகர் உள்ளே போனதும் ஏன் அந்த விலை ஆகிறது? காரணத்தில் ஒரு பகுதி நியாயமானது. பகல் பன்னிரண்டரைக்கு வருகிற கூட்டம் மூன்று மணிக்குக் கரைந்துவிடும். அந்த இரண்டரை மணித்தியாலத்துக்காக நாள் முழுவதும் அடுப்பும் ஆளும் நிற்க வேண்டும். ஓடர் எடுத்து ஒன்றிரண்டு நிமிடத்தில் ட்ரே வெளியே போகாவிட்டால் வரிசை வாசலைத் தாண்டிவிடும். அதனால்தான் உலகத்தில் எந்தப் பார்க்குக்குப் போனாலும் பொரித்த கோழி, சிப்ஸ், பீட்ஸா என்று ஒரே சாப்பாடு. மத்திய கிச்சனில் இருந்து குளிரூட்டி வரும், நாங்கள் சூடாக்குவோம், கோழித் துண்டின் நடுவில் ஊசி வெப்பமானியைக் குத்தி 75 பாகை காட்டினால்தான் வெளியே விடுவோம். அதற்குப் பிறகு 60 பாகைக்குக் கீழே இறங்க விடக்கூடாது. எங்கள் கிச்சனில் இரண்டு மணித்தியாலம் கடந்த ட்ரே குப்பைக்குப் போகும். அந்தக் கண்டிப்பை நான் மதிக்கிறேன். இன்றைக்கும் என் கடையில் அந்த ஊசி இருக்கிறது.

நியாயமில்லாத பகுதியும் இருந்தது. பார்க் வாசலிலேயே பையைத் திறந்து பார்ப்பார்கள். குழந்தைச் சாப்பாட்டைத் தவிர மற்றதெல்லாம் வெளியே. தாளில் சுற்றிய சப்பாத்தியை ஒரு கிழவி கையில் வைத்துக்கொண்டு, எறியவும் மனமில்லாமல் உள்ளே போகவும் வழியில்லாமல் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். தண்ணீர்க் குழாய், கழிவறைக்குப் போகிற மூலையில், கண்ணில் படாத இடத்தில் ஒன்று. போத்தல் தண்ணீர், கண்ணுக்கு நேரே பத்து இடத்தில். மேசைக்கு இருபத்தைந்து நிமிடம் என்று எங்களுக்குக் கணக்கு இருந்தது. அதைத் தாண்டி இருப்பவர்களிடம் போய்ச் சிரித்துக்கொண்டே ட்ரேயை எடுக்க வேண்டும். எடுத்தால் எழும்பிவிடுவார்கள். நானும் எத்தனையோ மேசையில் அப்படி எடுத்திருக்கிறேன். அந்தப் பாட்டன்மார் அவசரமாகச் சப்பாத்துக்குள் காலை நுழைப்பது இன்னும் மனதில் கிடக்கிறது.

ஒரு வெள்ளிக்கிழமை நடந்ததை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஒரு குடும்பம் வந்தது. பெற்றோர் பெரிய பிள்ளைகளோடு சவாரிக்குப் போய்விட்டார்கள். சின்னதுகள் இரண்டையும் வீட்டு வேலைக்கு நிற்கிற பெண் மேசையில் வைத்துச் சாப்பிடக் கொடுத்துக்கொண்டிருந்தா. நகெட்டை இரண்டாகப் பிய்த்து, ஊதி, தன் மணிக்கட்டின் உட்பக்கத்தில் ஒருமுறை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளையின் வாய்க்குக் கொண்டுபோனா. என் சட்டைப்பையில் இருந்த ஊசி செய்கிற வேலையை அந்த மணிக்கட்டு செய்தது. பிறகு மெதுவாக, “ஆ காட்டுங்க… ஆ…” என்றா. அரபுப் பிள்ளை அப்படியே ஆ காட்டியது.

“நீங்க எந்த ஊர் அக்கா?”

நிமிர்ந்து பார்த்தா. “ஏறாவூர் தம்பி. நீங்க?”

“கல்லடி ராத்தா.”

அந்த முகம் விரிந்ததை எழுத எனக்கு வரவில்லை. வந்து மூன்று வருடமாம். “எனக்கும் இந்த வயசுல ஒரு மகள் இரிக்கா. அவ இப்ப என்ட உம்மாக்கிட்ட” என்றா. மேசையில் இரண்டு ட்ரேதான் இருந்தது. இரண்டும் பிள்ளைகளுடையவை. சாப்பிட்டீங்களா என்று கேட்டேன். “அது வீட்ட போய்த் தின்னலாம் தம்பி, ராவைக்கு.” அப்போது மணி இரண்டரை.

சாப்பாட்டைச் சூடாக வைத்திருக்கிற பெட்டியில் ஒரு ட்ரே சோறும் கோழியும் இருந்தது. குப்பைக்குப் போக இன்னும் ஐந்து நிமிடம். அதில் ஒரு பீங்கான் போட்டு, தண்ணீரும் ஒரு கோப்பை எடுத்துக்கொண்டுபோய் வைத்தேன். வேண்டாம் வேண்டாம் என்றா. பிறகு பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டாமல் ஓரமாகத் திரும்பி, ஐந்தாறு வாயில் சாப்பிட்டு முடித்தா. அடுத்த நாள் காலையில் எனக்கு வோர்னிங் லெட்டர். கம்பனிப் பொருளை அனுமதி இல்லாமல் கொடுத்தது குற்றம். கமராவில் எல்லாம் இருந்தது. மிச்சச் சோற்றை அன்றைக்கு நானே நிறுத்து, கழிவுப் புத்தகத்தில் எத்தனை கிலோ என்று எழுதிக் குப்பையில் கொட்டியிருந்தேன். அந்தப் புத்தகத்திலும் என் கையெழுத்து, லெட்டரிலும் என் கையெழுத்து. அடுத்த ஒப்பந்தம் முடிந்ததும் நான் ஊருக்கு வந்துவிட்டேன்.

பலகை வந்த மூன்றாம் நாளுக்கு வருகிறேன். ஆடி மாதக் கச்சான் காற்று முகத்தில் நெருப்பாக அடிக்கிற நேரம். மலையகத்தில் இருந்து ஒரு ட்ரிப் பஸ் வந்து நின்றது. நம் நாட்டில் ட்ரிப் என்றாலே சட்டி பானையும் சேர்ந்துதானே வரும். ஒரு குடும்பம் பொதிகளைத் தூக்கிக்கொண்டு எங்கள் கடைப் பக்கம் வந்தது. முன்னால் வந்த தகப்பன், சுவரில் சாத்தியிருந்த பலகையைக் குனிந்து வாசித்தார். வாசித்துவிட்டு ஒன்றும் பேசாமல் பெண்சாதியின் தோளைத் தொட்டுத் திருப்பினார். எல்லோரும் திரும்பிப்போய், பஸ்ஸின் நிழல் விழுந்த ஒரு முழ அகலத்தில் வரிசையாக நின்று, ரொட்டியைக் கையில் வைத்துச் சாப்பிடத் தொடங்கினார்கள். மணல் பறந்துகொண்டிருந்தது. கிழவி ஒருவர் சேலைத் தலைப்பால் ரொட்டியை மூடிமூடிப் பிய்த்தார். கடைக்குள் அந்த நேரம் ஒன்பது மேசை வெறுமையாக இருந்தது.

ஆணி அடிக்காத பலகையே இவ்வளவு வேலை செய்கிறது என்றால் அடித்தால் என்ன ஆகும் என்று நெஞ்சு அடித்தது. ஓடிப்போய்க் கூப்பிட்டேன். “இல்லீங்க அண்ணே, நாங்க இப்புடியே சாப்புட்டுக்கிறோம்” என்றார் அவர். மகன் மட்டும் கடையையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் கையைப் பிடித்ததும் மற்றவர்களும் வந்தார்கள்.

அன்று பின்னேரம்தான் முதலாளியோடு இருந்து கதைத்தேன். அவர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. மீன் முள்ளும் இலையும் பம்பர்ஸும் மேசையிலேயே விட்டுப் போகிறார்கள். மத்தியானம் இடம் பிடித்துக்கொள்வதால் காசு கொடுத்துச் சாப்பிட வந்தவர்கள் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். கரண்ட் பில் ஏறுகிறது. “இது அன்னதான மடம் இல்ல தம்பி” என்றார்.

நான் இரண்டு பழைய கதைகளைச் சொன்னேன். இரண்டும் அந்தப் பயிற்சி வகுப்பில் கேட்டவை. கலிபோர்னியாவில் பியூனா பார்க் என்ற ஊரில் வோல்டர் நொட் என்ற பழத்தோட்டக்காரரின் மனைவி கோர்டீலியா, 1934இல் தன் கலியாணப் பீங்கான்களை எடுத்துவைத்துப் பொரித்த கோழிச் சாப்பாடு விற்கத் தொடங்கினார். முதல் நாள் எட்டுச் சாப்பாடு, ஒன்று 65 சதம். ருசி பரவி வரிசை நீண்டது. மணிக்கணக்கில் காத்திருக்கிற சனத்துக்குப் பொழுதுபோக வேண்டுமே என்று வோல்டர் நொட் 1940இல் பழைய காலத்து ஊர் ஒன்றை அங்கே கட்டத் தொடங்கினார். இன்றைக்கு அது நொட்ஸ் பெரி ஃபாம் என்ற பெரிய தீம் பார்க். அங்கே சோற்றுப் பானை முதலில் வந்தது, ராட்டினம் பிறகுதான் வந்தது.

மற்றது 1955 ஜூலை 17, டிஸ்னிலாண்ட் திறந்த நாள். தாங்க முடியாத வெயில். போலி டிக்கெட்டோடும் சனம் வந்து குவிந்து, கடைகளில் சாப்பாடும் குடிபானமும் தீர்ந்துபோனது. அதற்கு முன் குழாய் வேலைக்காரர்களின் வேலைநிறுத்தம். திறப்பு நாளுக்குள் கழிவறையை முடிப்பதா, தண்ணீர்க் குழாய்களை முடிப்பதா என்று வந்தபோது வோல்ட் டிஸ்னி கழிவறையைத் தெரிந்தெடுத்தார். சோடா விற்பதற்காகத்தான் தண்ணீரை மறித்தார்கள் என்று சனம் ஏசியது. எத்தனையோ கோடி கொட்டிக் கட்டிய இடத்தின் முதல் நாளைப் பற்றிப் பேசுகிறவர்கள், இந்தத் தண்ணீர்க் கதையை இன்றைக்கும் விடாமல் சொல்கிறார்கள்.

“ஏன் அங்க போறீங்க?” என்றார் முதலாளி கொஞ்சம் யோசித்துவிட்டு. “மாமாங்கத் தீர்த்தத்துக்குப் போனா முதல்ல என்ன நிக்கும்? தாகசாந்திப் பந்தல்தானே.” அது அவர் வாயிலிருந்தே வந்தது. ஆடி அமாவாசைக்கு அமிர்தகழியில் கால் வைக்கிறவனுக்குத் தண்ணீர் கொடுத்த பிறகுதான் கச்சான் கடலைக் கடையும் தும்பு முட்டாசும். கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்களை மறித்து மறித்துச் சோறு போட்டு அனுப்புகிற ஊர்கள் எங்கள் ஊர்கள். சாப்பாட்டுக்கடை அந்தப் பழக்கத்துக்கு வெளியே நிற்க வேண்டுமா?

கணக்கும் காட்டினேன். இரண்டு கிழமையாக ஒரு சிஆர் கொப்பியில் குறித்து வைத்திருந்தேன். பொதியோடு வந்து இருந்த குடும்பங்களில் ஒன்றும் வாங்காமல் போனது மூன்றே மூன்று. மற்றவர்கள் எல்லோரும் பிளேன்டீயோ ஐஸ்கிறீமோ பிள்ளைகளுக்குச் சிப்ஸோ வாங்கியிருந்தார்கள். பிட்டுச் சாப்பிட்ட வாய்க்குப் பிறகு ஒரு தேத்தண்ணி கேட்கும். அந்த மலையகக் குடும்பம் எட்டு ஐஸ்கிறீம் வாங்கியது. கிழவி தன்னுடையதைப் பாதியில் பேரனிடம் கொடுத்துவிட்டு, மிச்சமிருந்த ஒரு ரொட்டியைக் கட்டைச் சம்பலோடு தாளில் சுற்றி என் கவுண்டரில் வைத்துவிட்டுப் போனா. அதை நான் முதலாளியிடம் சொல்லவில்லை. நான்தான் சாப்பிட்டேன். கட்டைச் சம்பலுக்கு மாசிக் கருவாடு நிறையப் போட்டிருந்தார்கள்.

கடைசியில் இப்படி முடிந்தது. பூவரச மரத்துக்குக் கீழே இருக்கிற ஆறு மேசையும் பொதி கொண்டுவருகிறவர்களுக்கு. உள்ளே எட்டு மேசை வாங்கிச் சாப்பிடுகிறவர்களுக்கு. இலைக்கு ஒரு வாளி, முள்ளுக்கு மூடி போட்ட ஒரு வாளி, அதைப் பார்க்கிற பொறுப்பு என்னுடையது. எவ்வளவு நேரம் இருந்தாலும் யாரும் போய் மேசையைத் துடைக்கக் கூடாது என்று பொடியன்மாரிடம் சொல்லியிருக்கிறேன். பலகையைப் பின்பக்கம் திருப்பி, ‘சாப்பிட இடம் உண்டு’ என்று எழுதக் கொடுத்தாயிற்று. அதுவும் மூன்று மொழியில்.

தண்ணீர்க் குழாய்க்கு முதலாளி சம்மதிக்க இன்னும் ஒரு கிழமை எடுத்தது. வாசலுக்கு நேரே, எல்லோருக்கும் தெரிகிற இடத்தில், வடிகட்டி போட்ட தண்ணீர். புதன்கிழமை குழாய் வேலைக்காரர் வந்து எந்த உயரத்தில் போடுவது என்று கேட்டார். இரண்டு குழாய் போடச் சொன்னேன். ஒன்றுக்கு உயரம் அவரே பார்த்துக்கொண்டார். மற்றதுக்கு, பின்னேரம் பள்ளிக்கூடம் விட்டு வந்த என் சின்ன மகளைச் சுவரோடு நிறுத்தி, கையை நீட்டச் சொல்லி, விரல் தொட்ட இடத்தில் பென்சிலால் ஒரு கோடு இழுத்துக் கொடுத்தேன்.