ஆரஞ்சுத் தோலும் குலசேகரத்து ரப்பர் பாலும்

நீர்வண்ணத்தில் வரைந்த ஒன்பதாவது தாளில்தான் ஆரஞ்சுத் தோல் தோலாக வந்தது. நிறம் இரண்டாவது தாளிலேயே படிந்துவிட்டது. ஒரு மாதமாக என்னை இழுத்தடித்தவை அந்தத் தோலில் இருக்கும் குழிகள்.

நாகர்கோவில் வடசேரிச் சந்தையில் வாங்கிய ஒரு பழத்தை ஜன்னலோரம் வைத்து லென்ஸ் வழியாகப் பார்த்தேன். ஒவ்வொரு குழியும் ஓர் எண்ணெய்ச் சுரப்பி. வெளிச்சம் இடப்பக்கமிருந்து வந்தால் பழத்தின் இடப்பக்கம் பளிச்சென்று இருக்கும். குழிக்குள் அது தலைகீழ். இடது விளிம்பு நிழலில் கிடக்கும், வலது விளிம்பில் பிறை மாதிரி ஒரு ஒளிக்கீற்று. இதை மாற்றிப் போட்டால் குழி பருவாகிவிடும். முதல் மூன்று தாள்கள் அப்படித்தான் போயின. இன்னொன்று, குழிகள் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தெரிவதில்லை. பளபளப்பைச் சுற்றியும், ஒளி நிழலுக்குள் இறங்குகிற வளைவிலும்தான் தெளிவு. நிழலுக்குள் ஒன்றுமே தெரியாது. அங்கே போய்ப் புள்ளி குத்தினால் பழம் தட்டையாகிவிடும்.

நான்காவது தாளில் கடைசியாக வெள்ளை வைத்துப் பார்த்தேன். சுண்ணாம்பு தெறித்தது மாதிரி மேலேயே நின்றது. நீர்வண்ணத்தில் வெளிச்சம் தாளிலிருந்துதான் வரவேண்டும். சரி என்று தபாலில் ஒரு குப்பி மாஸ்கிங் ஃப்ளூயிட் (வண்ணம் படக்கூடாத இடத்தில் வைத்து, பிறகு உரித்தெடுக்கும் திரவம்) வாங்கினால், பாதி உள்ளேயே உறைந்து வந்திருந்தது. ஐந்தாவது தாளும் போயிற்று. குப்பியைத் திறந்தபோது அடித்த வாடைதான் வழி காட்டியது. ரப்பர் பாலும் அம்மோனியாவும்! மூக்குக்குப் பழகிய வாடை. குலசேகரத்தில் மாமாவுக்கு ரப்பர் தோட்டம் இருக்கும்போது இதற்கு ஏன் தபால்?

விடியற்காலையில் போனேன். மழைக்கு மரத்தில் பிளாஸ்டிக் கட்டியிருந்ததால் பால்வெட்டு நிற்கவில்லை. “வெறும் பாலக் கொண்டு போனா வீடு சேரதுக்குள்ள உறைஞ்சிரும் மக்களே, ரெண்டு சொட்டு அம்மோனியா விட்டுக்க” என்றார் மாமா. சிரட்டையிலிருந்து எடுத்த பாலை நைலான் துணியில் வடிகட்டி, பாதிக்குப் பாதி தண்ணீர் சேர்த்தேன். தூரிகையை இதில் தொடவே கூடாது. சோப்பில் தோய்த்து எடுத்தாலும் முடி ஒட்டிக்கொள்ளும். தென்னை ஈர்க்கில் நுனியைச் சாய்வாகச் சீவிக்கொண்டால் பிறையைப் பிறையாகவே வைக்கலாம். இவ்வளவு நேர்த்தியான கருவி எந்தக் கடையிலும் கிடைக்காது.

அப்படியும் ஆறாவதும் ஏழாவதும் கிழிந்தன. காரணம் ஆனிச் சாரல். தாள் பார்வைக்குக் காய்ந்திருக்கும், புறங்கையை வைத்தால் குளிரும். குளிர்ந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். அந்த ஈரத்தில் பால் நாருக்குள் இறங்கிவிடுகிறது. உரிக்கும்போது தாளின் மேல்தோலும் கூடவே வருகிறது. ஹேர் டிரையரைப் பால் வைப்பதற்கு முன்னால் காட்டலாம். வைத்த பிறகு காட்டினால் சூட்டில் இன்னும் இறுகிப்பிடிக்கும். நாள் கடந்தால் பால் பழுப்பேறும், அதனால் அன்றைக்கே எடுத்துவிட வேண்டும். எடுப்பதற்கு ஒட்டுப்பாலை, அதாவது மரத்தில் ஒட்டிக் காய்ந்த ரப்பரை, உருட்டிய உருண்டை போதும், மெல்லத் தேய்த்தால் சுருண்டு வந்துவிடும்.

எட்டாவது கிழியவில்லை. ஆனால் பிறைகள் வெள்ளைவெளேரென்று துருத்திக்கொண்டு நின்றன. ஒன்பதாவதில் முக்கியமான பளபளப்பை மட்டும் விட்டுவிட்டு, பழம் முழுக்க வெளிர் மஞ்சள் ஒரு பூச்சு. நன்றாகக் காய்ந்ததும் பால், அதன்மேல் ஆரஞ்சு இரண்டு பூச்சு. உரித்ததும் உள்ளிருந்து மஞ்சள் பிறைகள் வந்தன. ஈரத் தூரிகையால் ஓரங்களை லேசாகக் கரைத்ததும் பழம் உருண்டுகொண்டது. பத்து நிமிடம் தூரிகையைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நிழலுக்குக் கறுப்பு வேண்டாம், மஞ்சளோடு சேர்ந்தால் பச்சை தட்டும். பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பில் துளி அல்ட்ராமரைன் நீலம் கலந்தால் போதும். பக்கத்தில் வைத்த சாத்துக்குடிக்கு மட்டும் அந்தப் பச்சை வேண்டும். நம் பக்கம் இரவு குளிராததால் தோலின் பச்சையம் முழுதாக விலகுவதில்லை. மஞ்சள் ஈரமாக இருக்கும்போதே பச்சையை விட்டால் தானாகப் பரவிக்கொள்கிறது.

தாள் பற்றி ஒரு வருத்தம். முழுப் பருத்தி, 300 ஜி.எஸ்.எம். என்று வெளியூர்க் கடை ஒன்றில் சொல்லி வாங்கிய தாள்கட்டில் பாதி, வண்ணத்தை மேலே நிறுத்தும் பசை செத்துப்போன தாள். வண்ணம் பட்ட இடமெல்லாம் ஒற்றுத்தாள் மாதிரி ஊறியது. மாற்றித் தரவும் இல்லை. இப்போது நாலு தாளாகத்தான் வாங்குகிறேன், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு மூடி வைக்கிறேன்.

அடுத்தது நாரத்தங்காய். அதன் கரடுமுரடுக்கு ஈர்க்கில் போதாது, தேங்காய்ச் சவுரி நாரை நனைத்து ஒற்றிப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். அப்புறம் 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம் மட்டிப்பழம், ஒரு சீப்பு முழுதாக.

அதற்கு முன் இதே தாளில் சாத்துக்குடியின் வெட்டிய பாதி பாக்கி. சுளைகளுக்கு நடுவே ஓடும் சவ்வுக்குப் பால் இழுக்க வேண்டும். காலையிலிருந்து நாலு தடவை புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டேன், தாள் இன்னும் குளிர்கிறது.